சக்கர நாற்காலி கேட்டோம், வண்டி கொடுத்தார்கள்

சென்ற இதழில், சிறு தொண்டு நிறுவனங்கள் தங்கள் பகுதிச் சமூக அறக்கட்டளையை அணுகத் தயங்கக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பல கடிதங்களில் களைப்பு தெரிந்தது. பகலெல்லாம் வேலை செய்துவிட்டு இரவில் விண்ணப்பம் எழுதுகிறவர்களின் களைப்பு அது. எனக்கும் பழக்கமானதுதான். நடமாட முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலியும் வாக்கரும் இரவல் கொடுக்கும் ஒரு சிறு அமைப்பில் ஒன்பது ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு சமூக அறக்கட்டளையின் மதிப்பீட்டுக் குழுவில் உட்கார்ந்து பிறர் எழுதிய விண்ணப்பங்களைப் படித்தேன். கேட்கிறவர்களின் மனமும் கொடுக்கிறவர்களின் மனமும் கொஞ்சம் தெரியும். அந்த உரிமையில் பதில் சொல்கிறேன்.

அம்மா, சமூக அறக்கட்டளை என்று தனியாகக் குறிப்பிடுகிறீர்களே, ஒரு கம்பெனியோ செல்வந்தக் குடும்பமோ நடத்தும் அறக்கட்டளைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? யார் கொடுத்தாலும் பணம் பணம்தானே?

பணம் பணம்தான். அது வந்த வழி வேறு. அந்த வழியைப் புரிந்துகொண்டால் எப்படிக் கேட்க வேண்டும் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

1851-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிரையன் முலன்ஃபி என்பவர் இறந்தார். அந்நகரின் மேயராக இருந்தவர். மேற்கே குடியேறப் போகும் வழியில் அந்த ஊருக்கு வந்துசேரும் ஏழைப் பயணிகளுக்கு உதவ வேண்டும் என்று தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதிவைத்திருந்தார். நல்ல மனம்தான். ஆனால் சில பத்தாண்டுகளில் அந்தக் குடியேற்றமே ஓய்ந்துபோயிற்று. பயணிகள் இல்லை, பணம் மட்டும் உயிலுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தது. இப்படிச் செத்தவர் கையில் சிக்கிக்கொண்ட அறப்பணம் அந்நாளில் ஏராளம்.

அதே நாட்டின் கிளீவ்லாந்து நகரில் ஃபிரடெரிக் காஃப் என்ற வங்கித் தலைவர் இதற்கு 1914-இல் ஒரு வழி கண்டார். பலருடைய பணத்தை ஒரே இடத்தில் சேர்ப்பது, மூலப்பணத்தை முதலீடு செய்து வருவாயை அந்த ஊரின் நலனுக்குச் செலவிடுவது, காலம் மாறினால் செலவிடும் நோக்கத்தையும் மாற்றிக்கொள்ளும் அதிகாரத்தை ஊர்ப் பெரியவர்கள் அடங்கிய ஒரு குழுவிடம் கொடுப்பது. முதல் சமூக அறக்கட்டளை அதுதான். கனடாவின் வினிபெக் நகரில் 1921-இல் வில்லியம் அல்லோவே ஒரு லட்சம் டாலர் கொடுத்து இதேபோல ஒன்றைத் தொடங்கினார். அதற்கு இரண்டாவதாக வந்த நன்கொடை எது தெரியுமா? 1924-இல் ஓர் உறையில் வந்த மூன்று ஐந்து டாலர் பொற்காசுகள். கூடவே ‘கைம்பெண்ணின் காணிக்கை’ என்று ஒரு குறிப்பு. கொடுத்தவர் பெயர் இல்லை. ஒரு லட்சமும் பதினைந்தும் ஒரே பெட்டியில் விழுந்தன. இந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

ஆகவே நீங்கள் அணுகுவது ஒரு தனிமனிதரின் கருணையை அல்ல. அந்த வட்டாரத்து மக்கள் பலர், சிலர் இறந்தபின்னும், விட்டுச்சென்ற பொதுப்பணத்தை. அதைப் பகிர்ந்தளிப்பவர்கள் முதலில் பார்ப்பது, உங்கள் வேலை தங்கள் எல்லைக்குள் வாழும் மக்களுக்குப் போய்ச் சேருகிறதா என்பதைத்தான். உங்கள் அலுவலகம் எங்கே என்பது அதற்குப் பிறகு. இன்னொன்றும் உண்டு. அந்தப் பெட்டிக்குள் பல அறைகள் இருக்கும். குழு தன் விருப்பப்படி வழங்கக்கூடிய பொது நிதி ஓர் அறை. ‘காது கேளாத குழந்தைகளுக்கு மட்டும்’ என்பதுபோல நன்கொடையாளர் நோக்கத்தைக் குறித்துவிட்டுப் போன நிதி இன்னோர் அறை. உயிரோடு இருக்கும் நன்கொடையாளர், யாருக்குக் கொடுக்கலாம் என்று ஆலோசனை சொல்லும் நிதி மற்றோர் அறை. விண்ணப்பம் போட்டுக் கேட்கக்கூடியது பெரும்பாலும் முதல் இரண்டுதான். ஆனால் விண்ணப்பங்களைக் கவனிக்கும் அறக்கட்டளை ஊழியரான திட்ட அதிகாரி உங்களை நன்றாக அறிந்திருந்தால், மூன்றாவது அறையின் சொந்தக்காரரிடம் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூடும். பொது நிதியில் இடம் கிடைக்காத மூன்று அமைப்புகளுக்கு இப்படி வழி பிறந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பம் போடும் முன் அறக்கட்டளை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசலாமா? சிபாரிசு பிடிப்பதுபோல ஆகிவிடாதா?

தாராளமாகப் பேசுங்கள். பேசாமல் விண்ணப்பம் போடுவதுதான் இரு தரப்புக்கும் நஷ்டம். எங்கள் அமைப்பின் முதல் விண்ணப்பத்துக்கு நான் ஏழு வாரம் செலவிட்டேன். பொருட்களை வைக்க ஒரு கிடங்கு கட்டித்தரும்படி கேட்டிருந்தோம். வரைபடம், மூன்று ஒப்பந்ததாரர்களின் மதிப்பீடு, ஆதரவுக் கடிதங்கள் எல்லாம் சேர்த்து நாற்பது பக்கம். இரண்டே வரியில் பதில் வந்தது: கட்டடப் பணிக்கு இந்த நிதியிலிருந்து உதவுவதில்லை. ஐந்து நிமிடம் பேசியிருந்தால் அந்த ஏழு வாரத்தை மிச்சப்படுத்தியிருக்கலாம். விதிமுறைத் தாளிலேயே அது எழுதியிருந்தது என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

பேசும்போது ‘எங்களுக்குக் கொடுப்பீர்களா?’ என்று கேட்காதீர்கள். எதிர்முனையில் இருக்கும் அதிகாரியால் அதற்குப் பதில் சொல்ல முடியாது, சங்கடப்படுவார். இன்ன மக்களுக்கு இன்ன வேலை செய்கிறோம், இந்த விண்ணப்பச் சுற்றின் நோக்கத்துக்கு இது பொருந்துமா என்று கேளுங்கள். முதன்முறை கேட்கும் சிறு அமைப்புக்கு வழக்கமாக எவ்வளவு கொடுக்கிறார்கள், சம்பளத்துக்கும் வாடகைக்கும் அனுமதி உண்டா, ஓராண்டுக்கா, பல ஆண்டுகளுக்கா என்று கேளுங்கள். கேட்டதைத் தேதியோடு ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பேசுவதற்கு முன் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம் ஒன்று உண்டு. அந்த அறக்கட்டளை சென்ற ஆண்டுகளில் யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்று பாருங்கள். பல நாடுகளில் இந்தக் கணக்கு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தே இருக்கிறது. அமெரிக்காவில் சமூக அறக்கட்டளைகள் வரித்துறைக்கு ஆண்டுதோறும் அளிக்கும் 990 என்ற படிவத்தின் ஓர் இணைப்பில், உள்நாட்டில் 5,000 டாலருக்கு மேல் பெற்ற அமைப்புகளின் பெயரும் தொகையும் இருக்கும். பிரிட்டனில் 360கிவ்விங் என்ற ஏற்பாட்டின் வழியாகப் பல அறக்கட்டளைகள் தங்கள் நிதியுதவி விவரங்களை ஒரே வடிவில் இணையத்தில் வெளியிடுகின்றன. அந்தப் பட்டியலில் உங்களைப் போன்ற அளவுள்ள ஓர் அமைப்பு தென்பட்டால் அவர்களையே அழைத்துப் பேசுங்கள். தொண்டு செய்கிறவர்கள் பெரும்பாலும் மனம்விட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள்.

எங்கள் குழு மூன்று ஆண்டுகளாக இயங்குகிறது. இன்னும் பதிவு செய்யவில்லை. விண்ணப்பிக்க முடியுமா?

நேரடியாக முடியாது என்றே பெரும்பாலான இடங்களில் சொல்வார்கள். சட்டப்படி பதிவான, வரிவிலக்குத் தகுதியுள்ள வேறோர் அமைப்பு உங்களுக்காகப் பணத்தைப் பெற்று, கணக்கு வைத்து, பொறுப்பேற்றால் பல அறக்கட்டளைகள் ஒப்புக்கொள்ளும். அந்த அமைப்பு தன் சேவைக்காக ஒரு சிறு விழுக்காட்டைப் பிடித்துக்கொள்வது வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் எத்தனை நாளில் உங்கள் கைக்கு வரும், வாங்கும் பொருள் யாருக்குச் சொந்தம், பிரிய நேர்ந்தால் மிச்சப் பணம் யாரிடம் இருக்கும்? நட்பை நம்பி இதை வாய்வார்த்தையாக விட்ட இரண்டு குழுக்கள் பேச்சுவார்த்தையே நின்றுபோகும் அளவுக்குப் போனதை அறிவேன்.

தேவையை விளக்கும் பகுதியில் எவ்வளவு எழுதினாலும் ‘பொதுப்படையாக இருக்கிறது’ என்கிறார்கள். எங்கள் மக்கள் படும் பாட்டை இதைவிட எப்படி உருக்கமாக எழுதுவது?

உருக்கம் போதும், சகோதரி. உங்கள் கடிதத்துடன் அனுப்பியிருந்த பக்கத்தைப் படித்தேன். ‘விளிம்புநிலையில் வாழும் நலிவுற்ற மக்களின் வாழ்க்கைத் தரத்தை முழுமையாக மேம்படுத்துவதே எங்கள் நோக்கம்’ என்று தொடங்குகிறது. இந்த வாக்கியத்தை எந்த ஊரின் எந்த அமைப்பும் எழுதலாம். படிக்கிறவர் கண்ணில் எதுவும் தெரியாது. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் எழுதினேன். பிறகு எழுதியது இது: ‘சென்ற ஆண்டு எங்களிடம் சக்கர நாற்காலி கேட்டவர்கள் 212 பேர். அவர்களில் 57 பேர் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் ஒன்பது பேர் வீட்டுக்குள் விழுந்தார்கள்.’ இதில் உருக்கமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் அறக்கட்டளையின் மதிப்பீட்டுக் குழுவில் ஒருவர் ‘இந்த ஒன்பது பேர்...’ என்று தொடங்கிப் பேச்சை நிறுத்திக்கொண்டாராம்.

எண்களை எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். உங்கள் அலுவலகத்து நோட்டுப் புத்தகத்தில் தேடுங்கள். அரசுப் புள்ளிவிவரம் ஒரு வரி இருக்கட்டும், நாடு தழுவிய எண்களால் பக்கத்தை நிரப்ப வேண்டாம். நோட்டின் அருமை எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கிடங்கு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டபின் அடுத்த ஆண்டு இருபது சக்கர நாற்காலிகள் கேட்டு விண்ணப்பித்தோம். எங்களிடம் அப்போது முப்பத்து நான்கு இருந்தன, போதவில்லை. திட்ட அதிகாரி ஒரு பெண்மணி, நேரில் பார்க்க வந்தார். நாங்கள் புகைப்படத் தொகுப்பை எடுத்துவைத்தோம். அவர் அதைப் பணிவாக ஓரமாக வைத்துவிட்டு, ‘இரவல் பதிவேடு இருக்கிறதா?’ என்றார். நீளவாக்கில் கோடு போட்ட, அட்டை கிழிந்து ஒட்டுத்தாள் போட்ட நோட்டு. பெயர், முகவரி, கொண்டுபோன நாள், திரும்பிய நாள். அவர் விரலால் கடைசிப் பத்தியைத் தொட்டபடி மெல்லக் கீழே வந்தார். வெற்றிடமாக இருந்த ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, ‘இவர் இன்னும் பயன்படுத்துகிறாரா?’ என்று கேட்டார். எங்கள் செயலாளர் நினைவிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். இவர் குணமாகிவிட்டார். இவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இவர் இறந்து நான்கு மாதமாகிறது. கடைசியில் கணக்குப் பார்த்தால் பதினோரு நாற்காலிகள் யாருக்கும் பயனில்லாமல் வீடுகளின் மூலையில் மடித்துக் கிடந்தன. துக்கத்தில் இருக்கும் குடும்பம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருமா? போய் எடுத்துவர எங்களிடம் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை.

அவர் நோட்டை மூடிவிட்டுக் கேட்டார்: ‘உங்களுக்கு வேண்டியது நாற்காலியா, நாற்காலியைத் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடா?’

விண்ணப்பத்தை மாற்றி எழுத மூன்று வாரம் அவகாசம் கொடுத்தார்கள். பழைய சிறிய வேன் ஒன்றும், வாரம் மூன்று நாள் வரும் ஓர் ஓட்டுநரும் கேட்டோம், கிடைத்தது. ஒரு நாற்காலிகூடப் புதிதாக வாங்காமலே காத்திருக்கும் வரிசை பாதிக்கு மேல் குறைந்தது. மேலே சொன்ன 212, 57, ஒன்பது எல்லாம் அந்த மூன்று வாரத்தில் அதே நோட்டிலிருந்து எண்ணி எடுத்தவைதான். அதற்கு முன் எட்டு ஆண்டுகள் அந்த நோட்டில் எழுதினோமே தவிர, ஒருநாளும் அதைப் படிக்கவில்லை.

உங்கள் நோட்டையும் படியுங்கள். பயிற்சி வகுப்பு நடத்துகிறீர்கள் என்றால் எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள், எத்தனாவது வகுப்பில் யார் நின்றுபோனார்கள், ஏன் என்று பாருங்கள். நீங்கள் கொடுத்தது என்ன என்பது ஒரு கணக்கு. அதனால் அவர்கள் வாழ்வில் மாறியது என்ன என்பது வேறு கணக்கு. அறக்கட்டளைகள் கேட்பது இரண்டாவதை. அதில் ஒன்றோ இரண்டோ, உங்களால் உண்மையாக அளக்க முடிந்ததை மட்டும் வாக்களியுங்கள்.

பட்ஜெட்டில் சம்பளம், வாடகை, தணிக்கைக் கட்டணம் போன்றவற்றைக் காட்டினால் நிராகரித்துவிடுவார்கள் என்றும், அவற்றைப் ‘பயிற்சிப் பொருட்கள்’, ‘இதர செலவு’ என்ற தலைப்புகளில் பிரித்துப் போட்டுவிடும்படியும் அனுபவசாலி ஒருவர் ஆலோசனை சொல்கிறார். செய்யலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இது பொய் என்பது முதல் காரணம். தணிக்கையில் வெளிப்பட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், பெயரும் கெடும் என்பது இரண்டாவது. இதைவிட எனக்கு மனவருத்தம் தரும் காரணம் மூன்றாவது ஒன்று இருக்கிறது. இப்படி மறைத்து மறைத்துத்தான், நல்ல தொண்டு சம்பளமும் வாடகையும் இல்லாமல் நடக்கும் என்று கொடுப்பவர்களை நாமே நம்பவைத்துவிட்டோம். அடுத்த அமைப்பு உண்மைச் செலவைக் காட்டும்போது அது ஆடம்பரமாகத் தெரிகிறது. அவர்களும் குறைத்துக் காட்டுகிறார்கள். கடைசியில் கணக்கு எழுத ஆளில்லை, ஓடுகிற கணினியில்லை, ஒரே ஊழியர் மூன்று பேர் வேலையைச் செய்து இரண்டாம் ஆண்டில் விலகிப்போகிறார்.

கொடுப்பவர்கள் தரப்பிலும் இதை உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். தொண்டு நிறுவனங்களைப் பற்றி நன்கொடையாளர்களுக்குத் தகவல் தந்த அமெரிக்க அமைப்புகளான கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் மூன்றின் தலைவர்களும் சேர்ந்து 2013-இல் நன்கொடையாளர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். நிர்வாகச் செலவின் விழுக்காட்டை மட்டும் வைத்து ஓர் அமைப்பை எடைபோடாதீர்கள் என்பதே அதன் சாரம். அந்த விழுக்காட்டை வைத்து எடைபோடுகிறவர்கள் என்று பெயரெடுத்தவர்களும் சேர்ந்து சொன்னது என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

சரியான வழி கடினமானதல்ல. ஒருங்கிணைப்பாளர் வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்கிறார், அதில் இரண்டு நாள் இந்தத் திட்டத்துக்கு என்றால் அவர் சம்பளத்தில் நூற்றுக்கு நாற்பது இந்தப் பட்ஜெட்டில் வர வேண்டும். வாடகை, மின்சாரம், தணிக்கை ஆகியவற்றையும் இதேபோல ஒரு நியாயமான அளவுகோலால் பங்கிட்டு, அந்த அளவுகோலை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். நிர்வாகச் செலவுக்கு உச்சவரம்பு இருந்தால் அதற்குள் கேளுங்கள், மீதியை எங்கிருந்து ஈடுகட்டுகிறீர்கள் என்று காட்டுங்கள். தன்னார்வலர்களின் உழைப்பு, இலவசமாகக் கிடைத்த இடம் ஆகியவற்றின் மதிப்பைத் தனிப் பத்தியில் காட்டலாம். வேறு யாரிடம் கேட்டிருக்கிறீர்கள், எது உறுதியாயிற்று, எது நிலுவையில் உள்ளது என்பதையும் மறைக்க வேண்டாம். ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்குவது மட்டும்தான் குற்றம். ஒரே திட்டத்துக்கு இரண்டு இடத்தில் கேட்பது நல்ல திட்டமிடல்.

குழுவில் இருந்தபோது நான் எப்போதும் பட்ஜெட் தாளைத்தான் முதலில் படிப்பேன். விவரணையில் 60 மாணவர்கள் என்றிருக்கும், பட்ஜெட்டில் 45 பேருக்குப் புத்தகம் இருக்கும். மற்ற பதினைந்து பேர் என்ன ஆனார்கள்? பெரும்பாலும் கடைசி நேரத்தில் ஒரு பக்கத்தைத் திருத்தி மறுபக்கத்தை மறந்திருப்பார்கள். ஆனாலும் சந்தேகம் விழுந்துவிடும். விண்ணப்பத்துக்குத் தொடர்பில்லாத ஒருவரிடம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் அறக்கட்டளையின் மதிப்பீட்டுக் குழுவிலும் இருக்கிறார். விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம். அந்த உறவை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். உங்கள் விண்ணப்பம் விவாதத்துக்கு வரும்போது அவர் எழுந்து அறையைவிட்டு வெளியே போக வேண்டும். நான் இருந்த குழுவில் அது கண்டிப்பான விதி. நானும் இருமுறை வெளியே போய் நின்றிருக்கிறேன். அவரிடம் ‘உள்ளே என்ன பேசினார்கள்?’ என்று மட்டும் கேட்காதீர்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் விண்ணப்பம் எழுதி வாங்கலாமா? எங்கள் குழுவில் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை.

எழுத்துப்பிழை பார்க்க, ஆயிரம் சொல்லை ஐந்நூறாகச் சுருக்க, பயன்படுத்துங்கள். முழுவதையும் அதனிடம் ஒப்படைத்தால் உங்கள் நோட்டில் இருப்பது அதற்குத் தெரியாது, எல்லோருக்கும் எழுதுவதையே உங்களுக்கும் எழுதும். நான் விலகுவதற்கு முந்தைய சுற்றில் மூன்று விண்ணப்பங்கள் ஏறக்குறைய ஒரே பத்தியுடன் தொடங்கின. பயனாளிகளின் பெயர், நோய் விவரம் எதையும் அந்தச் செயலியில் உள்ளிடாதீர்கள். எழுதத் தெரியாதே என்ற கவலையும் வேண்டாம். வேலை செய்கிறவர் வாயால் சொல்வதை இன்னொருவர் அப்படியே எழுதட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம். நான் வாசித்தவற்றில் மிகச் சிறந்த இரண்டு விண்ணப்பங்கள் அப்படித் தயாரானவை.

இரண்டு முறை விண்ணப்பித்தோம், இரண்டு முறையும் நிராகரித்துவிட்டார்கள். தகுதியானவர்களுக்குத்தான் கொடுக்கிறார்களா என்ற சந்தேகம் வருகிறது. மூன்றாம் முறை முயலலாமா?

உங்கள் கோபம் புரிகிறது. நான் இருந்த குழுவில், கொடுத்தே ஆகவேண்டும் என்று நாங்கள் ஒருமனதாக நினைத்த விண்ணப்பங்களுக்குக்கூடப் பணம் போதாத ஆண்டுகள் உண்டு. கடைசிக் கூட்டத்தில் இரண்டு நல்ல விண்ணப்பங்களை எதிரெதிரே வைத்து ஒன்றை எடுத்து மற்றதை வைக்கும்போது அறையில் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம். நிராகரிப்பு என்றால் தகுதியில்லை என்று பொருளல்ல.

ஆனால் காரணம் தெரியாமல் மூன்றாம் முறை அதே விண்ணப்பத்தை அனுப்பாதீர்கள். கடிதம் வந்த வாரத்திலேயே, கோபம் ஆறியபின், திட்ட அதிகாரியை அழைத்து, ‘முடிவை ஏற்கிறோம். எது பலவீனமாகப் பட்டது என்று சொன்னால் எங்களுக்கு உதவியாக இருக்கும்’ என்று கேளுங்கள். சொல்லும்போது எதிர்வாதம் செய்யாமல் எழுதிக்கொள்ளுங்கள். ‘மீண்டும் விண்ணப்பிக்கலாமா?’ என்பதையும் நேராகக் கேளுங்கள். ‘இந்த நோக்கம் எங்கள் முன்னுரிமையில் இல்லை’ என்றால் அந்தக் கதவை விட்டுவிட்டு வேறிடம் பாருங்கள். ‘உங்கள் அமைப்பின் நிதி இருப்பு போதாது’, ‘அளவீடு தெளிவில்லை’ என்றால் அதைச் சரிசெய்து திரும்ப வாருங்கள். சிறிய தொகை கேட்டு ஓராண்டு ஒழுங்காகச் செய்து காட்டியவர்கள் அடுத்து பெரிய தொகை கேட்கும்போது எங்களுக்கும் தைரியமாக இருந்தது.

நிதி கிடைத்துவிட்டது. ஆனால் திட்டம் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. 40 பெண்களுக்குத் தையல் பயிற்சி என்று வாக்களித்தோம், 17 பேர்தான் முடித்தார்கள். பணமும் கொஞ்சம் மிச்சம். அறிக்கையில் என்ன எழுதுவது? தூக்கம் வரவில்லை.

இன்றைக்கே அவர்களை அழைத்துச் சொல்லுங்கள், அறிக்கைத் தேதி வரை காத்திருக்காதீர்கள். அதற்கு முன் மிச்சப் பணத்தில் கைவைக்காதீர்கள். ஒரு திட்டத்துக்கென்று வந்த பணம் அந்தத் திட்டத்துக்கு மட்டுமே உரியது. வாடகை நெருக்கடியில் எடுத்துப் பிறகு வைத்துவிடலாம் என்று தொடங்கி மீள முடியாமல் போனவர்கள் உண்டு. மிச்சத்தை வேறு வகையில் பயன்படுத்த வேண்டுமானால் கேளுங்கள், அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், பிறகு செலவிடுங்கள். கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் நாங்கள் அனுமதி கொடுத்தோம்.

அறிக்கையில் 17 என்றே எழுதுங்கள். கூடவே மற்ற 23 பேர் ஏன் நின்றார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். வகுப்பு நேரம் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் நேரத்தோடு மோதியதா? கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையா? ஒருமுறை எங்களிடம் இப்படி ஓர் அறிக்கை வந்தது. எல்லாம் திட்டமிட்டபடி நடந்ததாகச் சொன்ன பதினைந்து அறிக்கைகளுக்கு நடுவே அது ஒன்று மட்டும், வகுப்பை மாலையிலிருந்து காலைக்கு மாற்றியதும் வருகை எப்படிக் கூடியது என்று வாரவாரியாகச் சொல்லியிருந்தது. அடுத்த ஆண்டு அவர்களுக்குக் கேட்ட தொகை முழுவதும் கொடுத்தோம். உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பேசியபின் தூக்கம் வரும்.

கடைசி நாள் மாலை ஐந்து மணி என்றால், ஐந்து மணி வரை திருத்திக்கொண்டிருக்கலாமா?

முதல் நாளே அனுப்பிவிடுங்கள். இணையதளத்தில் ஏற்ற வேண்டிய பதிவுச் சான்று, தணிக்கை அறிக்கை, நிர்வாகக் குழு உறுப்பினர் பட்டியல், குழுத் தீர்மானத்தின் நகல் எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்கு முன்பே ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். தீர்மானத்தில் தலைவர் கையெழுத்து விட்டுப்போயிருப்பது கடைசி நாள் நான்கரை மணிக்குத்தான் கண்ணில் படும், அவர் அன்றைக்கு வெளியூரில் இருப்பார். அனுப்பியதும் பெற்றுக்கொண்டதாக வரும் ஒப்புகையை அச்செடுத்து அதே கோப்பில் வையுங்கள்.